சாயங்காலம் மட்டும் வரும் கோளாறு

இப்போதெல்லாம் வீட்டு இன்டர்நெட் அந்த வீட்டு ஆட்களின் தலை வழியாகத்தான் ஓடுகிறது. யாராவது மனசைப் போட்டு அலட்டிக்கொண்டால் வேகம் குறையும். உடனே ரிப்பேர் பார்க்கிற என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள்.

பெரம்பூரில் அந்த வீட்டுக்கு நான் போவது மூன்றாவது தடவை. புகார் கொடுத்தவர் தணிகாசலம். "சாயங்காலமானா நெட் திடீர்னு சுத்த ஆரம்பிச்சிடுது, தம்பி. எல்லாம் இவளாலதான்" என்று மனைவியைக் காட்டினார்.

பூவிழி மறுக்கவில்லை. "ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டா எம்பொண்ணு நெனப்பு வந்துடுதுப்பா. போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா. இவருக்கு அதெல்லாம் மறந்துபோச்சு."

எனக்கு அலுப்பாக இருந்தது. இன்னும் நாலு வீடு பாக்கி. அந்த அம்மாவின் இணைப்பைக் கழற்றிவிட்டு, தணிகாசலத்தின் தலை வழியாக மட்டும் நெட்டை ஓடவிட்டேன். டிவியில் கிரிக்கெட் தெளிவாக ஓடியது. "பாத்தீங்களா?" என்றார் தணிகாசலம்.

அப்போது தெருவில் வேன் ஹாரன் அடித்தது.

டிவியில் பந்து அந்தரத்தில் அப்படியே நின்றது.

தணிகாசலம் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவிழி எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.