ஓரத்தில் நின்ற சிக்னல்

"ரெண்டு தடவை பார்த்தாச்சு மேடம். மூணாவது தடவை பார்த்தா மட்டும் மாறிடவா போகுது?"

அலுத்துக்கொண்டவர் ஆய்வகத்தின் குளிர்பெட்டியைப் பார்த்துக்கொள்பவர். பதினைந்து வருடமாக அந்த இயந்திரத்தோடுதான் குடித்தனம் என்பதால் எல்லோருக்கும் 'ஐஸ்பெட்டி அண்ணன்'.

பெட்டிக்குள் நகம் அளவு கணினிச் சில்லு, அதில் வரிசையாகப் பன்னிரண்டு க்யூபிட்டுகள், அதாவது குவாண்டம் கணினியின் நினைவுப் புள்ளிகள். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிணைப்பை இறுக்கியும் தளர்த்தியும் வைத்தால், நடுவில் என்ன கலைத்தாலும் இரண்டு ஓரமும் தன்னிடம் போட்ட சிக்னலை விடாது. இந்தச் சில்லை வைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரை அதைத்தான் காட்டியிருந்தது. நான்கு வருட உழைப்பு. படித்தவர்கள் எல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அவள் இன்று செய்தது ஒன்றே ஒன்று. இறுக்கமான இடங்களைத் தளர்த்தி, தளர்ந்த இடங்களை இறுக்கினாள். அப்படி மாற்றினால் ஓரத்துக்கு அந்தப் பிடிப்பு இருக்காது; சிக்னல் அடங்கியிருக்க வேண்டும். அதுவோ குத்துக்கல் மாதிரி நின்றது. சில்லிலிருந்து வந்தால்தானே அடங்க? அளக்கிற கம்பியிலேயே கசிவு; கட்டுரை காட்டியதும் அந்தக் கசிவைத்தான்.

"நிக்குதா நிக்குதான்னுதான் ஆயிரம் தடவை சோதிச்சிருக்கு. போக வேண்டிய நேரத்துல போகுதான்னு ஒரு தடவைகூடப் பார்க்கலை," என்றாள்.

அண்ணன் நயமாகச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் வேலை நிரந்தரமாகிற நேரம், அதுவும் இந்தக் கட்டுரையை நம்பித்தான். இப்போது போய் ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போடுவானேன்? பேர் கெட்டால் கெட்டதுதான், அப்புறம் எந்த ஆய்வகம் சேர்க்கும்?

"வேற யாராவது கண்டுபிடிக்கட்டுமே மேடம். நாம எதுக்கு வாயைத் திறக்கணும்?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதை நம்பி இன்னும் மூணு லேப்ல வேலை ஆரம்பிச்சிருக்காங்க அண்ணே. அவங்க வருஷமும் வீணாப் போகணுமா?"

அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கட்டுரையைத் திரும்பப் பெறக் கோரி இதழாசிரியருக்கு நான்கே வரியில் எழுதினாள். கீழே தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.

கட்டுரையின் முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே இருந்ததும் அதே பெயர்தான்.