வாசலில் கிடந்த செருப்பு

சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வீட்டு வரியில் சலுகை என்று அறிவித்தார்கள். உடனே மாசிலாமணி, காலியாகக் கிடந்த தன் மூன்று வீட்டு வாசலிலும் ஒவ்வொரு ஜோடி பழைய செருப்பைப் போட்டுவிட்டுப் போனார்.

"இனி இங்கே குடியிருக்கிறது நான்தான்," என்றது ஒரு செருப்பு.

"ஆறு மாசமா இந்த வாசலுக்குக் குறுக்கே வலை கட்டியிருக்கேன். ஒருத்தன் அறுக்கலை. நீ குடியிருக்கியாக்கும்!" என்றது சிலந்தி.

வரி அதிகாரி வந்தார். முகத்தில் ஒட்டிய வலையைத் துடைத்துக்கொண்டு செருப்பைப் பார்த்தார். 'ஆள் உண்டு' என்று எழுதினார். செருப்பில்லாத பக்கத்து வீட்டுக்கு, 'ஆள் இல்லை.'

"பார்த்தியா, அங்கே யாருமே இல்லையாம்," என்று செருப்பு இளித்தது.

"இருக்கான். அவன்கிட்ட இருக்கிறதே ஒரு ஜோடிதான். அதை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிருக்கான்."