பத்துப் பேர் ஆடிய சீசன்

2004-இல் வளைகுடாவில் எங்கள் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் கிரிக்கெட் அணி பதினான்கு வெள்ளிக்கிழமையும் தோற்றது. எங்களிடம் தோற்றே தீருவோம் என்று சத்தியம் செய்துவிட்டு வந்த அணிகூட ஜெயித்துவிட்டுத்தான் போனது!

முதல் மேட்சில் கேட்ச் விட்ட உஸைரிடம், "இனி கிரவுண்டுப் பக்கமே வராதே" என்றேன். நான்தான் கேப்டன். மறு வெள்ளி அவன் ஆட வராமல், மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். பிறகு பத்துப் பேராகவே ஆடினோம்.

கடைசி மேட்சில் எதிரணிக் கனகரத்தினம் அடித்த பந்து, எங்கள் ஆளே நிற்காத பக்கம் உயரப் போனது. அவர் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

"எங்கே போறீங்க?" என்றேன்.

"அந்த மஞ்சள் ஹெல்மெட் பெடியன் வடிவாப் பிடிச்சிட்டானே! கையைத் தட்டுங்கோவன்."

பந்து கிடைக்கவில்லை. அந்த மேட்சிலும் தோற்றோம். ஸ்கோர் தாளில் 'கேட்ச்: உஸைர்' என்று நான்தான் எழுதினேன்.