மேட்டில் நிற்கும் கேரவன்

வாசல் மேட்டில் பாதி ஏறிய கார் நிற்கிறது. அதன் பின்கொக்கியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, சுற்றுலாவுக்கு இழுத்துப்போகும் சக்கர வீடான கேரவனும் நிற்கிறது. அவன் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறான். சாயங்கால வெயிலில் கண் கூசுகிறது. கேரவனுக்குள் தட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிகிற சத்தம். இடது கண்ணாடியில் மச்சினன், போங்க போங்க என்று கையை வீசுகிறான். வலது கண்ணாடியில் மனைவி உள்ளங்கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறாள். ஒருத்தர் கிழக்கே இழுத்தால் ஒருத்தர் மேற்கே இழுக்கும் குடும்பம். யார் பேச்சைக் கேட்பதென்று அவனுக்குப் பிடிபடவில்லை. "சக்கரத்துக்குக் கட்டை வச்சாச்சா?" என்று கத்துகிறான். "அக்கா வச்சிருக்கும் மாமா," என்கிறான் மச்சினன். "தம்பி வச்சிருப்பான், நீங்க காலை எடுங்க," என்கிறாள் மனைவி. காலை எடுக்கப் போனவன் பக்கத்து சீட்டைப் பார்க்கிறான். மறந்துவிடக் கூடாதென்று அவனே எடுத்துவைத்த இரண்டு கட்டைகளும், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன.