கரடிமேட்டின் அறுபது புள்ளிகள்

கணினித் திரையில் புள்ளிகள் சிதறித்தான் கிடக்க வேண்டும்.

சிதறித்தான் கிடந்தன. இருநூற்றுப் பன்னிரண்டாவது வரை.

அதற்குப் பிறகு அறுபது புள்ளிகள் பூஜ்ஜியக் கோட்டின் மேலேயே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளின் எடை பற்றிய அவளுடைய ஆய்வு. வயது, தாயின் படிப்பு, வீட்டு வருமானம், அங்கன்வாடிக்கு நடக்கும் தூரம். இந்த நான்கையும் கொடுத்தால் குழந்தையின் எடை இவ்வளவு இருக்கும் என்று சமன்பாடு சொல்லும். அது சொன்னதற்கும் தராசு காட்டியதற்கும் உள்ள வித்தியாசம்தான் ஒவ்வொரு புள்ளியும்.

ஆய்வேட்டைப் படித்த வெளித்தேர்வாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். பல காரணிகளைச் சேர்த்து மல்டிபிள் ரிக்ரஷன் போட்டிருக்கிறீர்கள், அதன் அனுமானங்களைச் சரிபார்த்தீர்களா?

சம்பிரதாயம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தாள்.

எந்த ஊரிலும் அறுபது குழந்தைகள் கணக்குக்கு இப்படிக் கட்டுப்பட்டு வளர மாட்டார்கள்.

படிவக் கட்டைப் பிரித்தாள். கரடிமேடு எஸ்டேட். அறுபதும் களப்பணிக்கு உதவிய தோழி எஸ்தரின் கையெழுத்து. தேதி, போன வருஷம் ஆகஸ்ட் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.



கரு கலைந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாட்கள் அவை. எஸ்தர் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. கஞ்சி ஊட்டினாள். துணி மாற்றினாள்.

போன் போட்டாள்.

"எஸ்தர், கரடிமேட்டுக்கு நீ போனியா?"



"உன்ன அந்த நெலமைல விட்டுட்டு எப்படிடி போவேன்? அங்கன்வாடிப் பதிவேட்டுல இருந்த விவரத்த, அதுவரைக்கும் வந்திருந்த உன் சமன்பாட்டுல போட்டுத்தான் எடைய எழுதினேன். தப்பா வந்துடக் கூடாதுன்னு."

அவள் போனை வைத்தாள்.

அந்த எண்களை நம்பித்தான் இடைக்கால அறிக்கையில் எழுதியிருந்தாள், கரடிமேட்டில் எடை போதுமானது என்று. அதை வைத்து ஜனவரியில் அங்கே சத்துமாவு நிறுத்தப்பட்டது. இப்போது ஜூலை.

ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவதாக நெறியாளருக்கு நாலு வரி எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் எஸ்தர் நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. இருவரும் கரடிமேட்டு பஸ்ஸில் ஏறினார்கள்.

கரடிமேட்டில் முதல் வீடு. விட்டத்தில் தராசை மாட்டினார்கள். இரண்டரை வயதுப் பையன். தராசின் துணித் தொட்டிலில் உட்கார வைத்தபோது அழக்கூட இல்லை.

சமன்பாட்டின்படி பதினொன்றரைக் கிலோ.

முள் ஏழே முக்காலில் நின்றது.

எஸ்தர் தராசைத் தட்டிப் பார்த்தாள். முள் அசைந்து அதே இடத்துக்கு வந்தது.

பையனின் தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவன் பரவால்லீங்கம்மா. உள்ள படுத்திருக்கிற சின்னவளத்தான் பாக்கணும்."

எஸ்தர்தான் முதலில் உள்ளே போனாள்.