குட்டானுக்குச் சர்க்கரை

பக்கத்து வீட்டு இருசப்பன் குட்டானை மடியில் கிடத்திக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு அதன் வாய்க்குள் தடவிக்கொண்டிருந்தார். உண்ணாமலை அதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அவள். வழக்கமாக மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டுவிட்டதால் பன்னிரண்டரைக்கெல்லாம் வந்துவிட்டாள்.

குட்டான் அவள் வளர்க்கும் பூனை. பன்னிரண்டு வயசு. ஐந்து மாதத்துக்கு முன்னால் திடீரென்று ஓயாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. தின்னத் தின்ன இளைத்தது. பின்னங்கால் மடங்கி மடங்கி நடந்தது. உத்திரமேரூரில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சுபாஷ்ரீ ரத்தம் எடுத்துப் பார்த்து, மனுஷருக்கு வருகிற அதே சர்க்கரை வியாதிதான் என்றார்.

காலை ஏழு மணிக்கு ஒரு ஊசி, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு ஊசி. ஊசியில் மூன்று கோடு அளவு இன்சுலின். சாப்பிட வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். பால்சோறு கூடவே கூடாது. வேகவைத்த மீன், கோழி, முட்டை மட்டும்.

உண்ணாமலை ஒரு வேளை ஊசியைக்கூடத் தவறவிடவில்லை. நாத்தனார் மகள் கல்யாணத்தில் சாயங்கால ஊசிக்காகப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்ததற்கு இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அவளும் குட்டானும்தான்.

இருசப்பன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். கோழி வளர்க்கிறார். முன்பொரு தடவை குட்டான் அவருடைய மூன்று குஞ்சுகளைத் தூக்கிவிட்டது. அந்தப் பூனையைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். அப்போதிருந்தே இரண்டு வீட்டுக்கும் பேச்சு அளவோடுதான்.

"இன்னா ஊட்டிக்கினு கீறீங்க அதுக்கு?"

"சக்கர தண்ணிம்மா. சோந்து கெடந்துச்சு, அதான்…"

அவரை முடிக்க விடவில்லை அவள். "சக்கர வியாதி கீற பூனைக்குச் சக்கரையா? நீங்களே பதினஞ்சு வருசமா ஊசி போட்டுக்கினு கீறவரு. உங்களுக்குத் தெரியாதா? கோழிக்குஞ்சுக்குப் பழி தீத்துக்கறீங்களா இருசப்பண்ணே?"

அதற்கு மேலும் பேசினாள். வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். தெரு கூடிவிட்டது.

இருசப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். குட்டானை மெதுவாக அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தப்பு செய்தவர் வேறு என்ன செய்வார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டரிடமிருந்து போன். குட்டானை உடனே அழைத்து வரச் சொன்னார். சாயங்காலம் வரை வைத்திருந்து பார்க்க வேண்டுமாம்.

உண்ணாமலை லீவு சொல்லிவிட்டு, குட்டானை மூடி போட்ட கூடையில் வைத்து ஷேர் ஆட்டோ ஏறினாள். ஆஸ்பத்திரியில் நுழைந்ததுமே இருசப்பன் செய்த காரியத்தை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். ஈவு இரக்கம் இல்லாத மனுஷன் என்றாள். டாக்டர் கேட்டுக்கொண்டே குட்டானைக் கூடையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குட்டானின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மத்தியானம் எடுத்தபோது டாக்டரின் முகம் மாறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டானின் கழுத்து தொங்கியது. முன்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின.

டாக்டர் குளுக்கோஸைத் தண்ணீரில் குழைத்து, விரலால் அதன் ஈறில் தடவினார்.

உண்ணாமலை அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து நிமிஷத்தில் குட்டான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

டாக்டர் அவளை உட்காரச் சொல்லி விளக்கினார். குட்டானுக்கு உடம்பு தேறி வருகிறது. அது தானாகவே இன்சுலின் சுரக்க ஆரம்பித்துவிட்டது. அதனால், முன்பு சரியாக இருந்த மூன்று கோடு இப்போது அதிகம். மத்தியானத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் வாயில் சர்க்கரை படாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

"இனிமே ஒரு கோடு போதும். நீங்க பாத்துக்கிட்ட பக்குவம் அப்படி. இப்படியே போனா ஊசியே வேணாம்னு ஆனாலும் ஆகலாம். சில பூனைங்களுக்கு அது நடக்கும்."

உண்ணாமலைக்குக் கண் நிறைந்துவிட்டது. "நல்லவேளை, நீங்களே போன் பண்ணி கூப்ட்டீங்க டாக்டர்."

"நானாவே கூப்பிடலம்மா. காலைல ஆஸ்பத்திரி தெறக்கறதுக்கு முன்னாடியே உங்க தெரு இருசப்பன் வந்து ஒக்காந்திருந்தார். சக்கரை எறங்குனா தனக்கு எப்படி நடுங்குமோ அதே மாதிரி பூனை நடுங்குச்சுன்னு சொன்னார். தான் வந்தது உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் கேட்டுக்கிட்டார். நீங்க அவரைப் பேசின பேச்சுக்கு அப்புறம் என்னால சொல்லாம இருக்க முடியல."

உண்ணாமலை குட்டானை எடுத்து மடியில் கிடத்திக்கொண்டாள்.

"நேத்தே அவரு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே டாக்டர். நான் அந்தப் பேச்சு பேசறேன், நின்னு கேட்டுக்கினு இருந்தாரே."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அந்தம்மா தனியாளா நின்னு புள்ள மாதிரி பாத்துக்கினு கீது. நீ போட்ற ஊசியாலதான் பூன இப்படி ஆவுதுன்னு அத்தன பேரு முன்னாடி எப்படிம்மா சொல்றது'ன்னார்."