கட்டிப்போட வேண்டிய கை

“இந்தக் கைதான் டாக்டர், எங்க கடையை மூட வச்சுட்டுத்தான் ஓயும்போல இருக்கு” என்று கணவருடைய இடது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள் பேக்கரிக்கார அம்மாள். கை, வைத்த இடத்தில் சாதுவாகக் கிடந்தது.

“உங்க முன்னால மட்டும் நல்ல பிள்ளையாட்டம் நடிக்குது பாருங்க.”

நரம்பு டாக்டர் பொறுமையான பெண்மணி. முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அம்மாள் மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டாள்.

கடை வைத்த நாளிலிருந்து தன் கணவர் ஓசியில் ஒரு ரொட்டித்தூள்கூடக் கொடுத்தறியாதவர் என்பதில் அவளுக்குப் பெருமை. தெருவே அவருக்கு ‘இரும்புப்பெட்டி’ என்று பேர் வைத்திருந்தது. அப்பேர்ப்பட்டவர் போன மாதம் அடுப்புக்குப் பக்கத்தில் தலைசுற்றி விழுந்தார். தபால்காரர் கடிதப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைத் தூக்கினார். எதிர்க்கடைத் தையல்காரி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். சலவைக்கடைப் பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

அதோடு போயிற்று என்று பார்த்தால், அடுத்த நாளே கைகளுக்குள் சண்டை மூண்டுவிட்டது.

தபால்காரர் இரண்டு பன் கேட்டால் இடது கை மூன்றாவதாக ஒன்றை எடுத்து நீட்டும். வலது கை பாய்ந்து வந்து அதைப் பிடுங்கும். இடது கை விடாமல் வலது கையின் மணிக்கட்டைப் பிடிக்கும். ஒருநாள் இந்த இழுபறியில் பன்னே பிய்ந்துபோனது. தபால்காரர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, எனக்கு இன்னும் நாலு தெரு பாக்கி இருக்கு” என்றாராம்.

தையல்காரிக்குக் கேக் நீட்டியபோதும் இதே கூத்துதான். சலவைக்கடைப் பெரியவரை வலது கை பிஸ்கட் பொட்டலத்தோடு சேர்த்துக் கல்லா மேசைக்கு உள்பக்கமே இழுத்துவிட்டது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. வாங்குகிற கூட்டமோ தெருமுனை பேக்கரிக்குப் போய்விட்டது. இப்படியே போனால் கடைக்குப் பூட்டுதான்.

“இவர் தங்கமான மனுஷன் டாக்டர். கைக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாள் தன் கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். மைதா மூட்டைத் துணியில் அவளே தைத்த, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பை. டாக்டர் சரியென்று சொன்னால் அந்தக் கையை அதற்குள் போட்டுப் பட்டனை மாட்டிவிடப் போகிறாள். திமிறினாலும் வெளியே வரமுடியாதபடி இரண்டு பட்டன் வைத்திருந்தாள்.

பேக்கரிக்காரர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார். பாவம், கூச்சப்படுகிறார் என்று நினைத்தாள் அம்மாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையின் இடது பக்கத்தில் சின்னதாக ஒரு வீக்கம் இருந்தது.

“இடது பக்கம்னு டாக்டரே சொல்லிட்டாங்க, கேட்டுக்குங்க” என்று கணவரை இடித்தாள் அம்மாள்.

லட்சத்தில் ஒருவருக்கு வருகிற கோளாறு இது, மனம் ஒன்று நினைக்கக் கை தன் இஷ்டத்துக்கு வேறொன்று செய்யும், மாத்திரை சாப்பிட்டால் வீக்கம் வற்றிவிடும் என்று விளக்கினார் டாக்டர். அம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே காத்திருந்தபோது, ‘ஆண்டவனே, தப்பு செய்யற கையை அடக்கிக் குடு’ என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு பேக்கரிக்காரரைக் கண்ணை மூடச் சொல்லி, இடது உள்ளங்கையில் ஒரு சின்ன ரப்பர் சுத்தியலை வைத்தார் டாக்டர். திருப்பிக் கேட்டதும் அது உடனே நீட்டியது.

“பாத்தீங்களா, இங்கேயும் எடுத்துக் குடுக்குது” என்றாள் அம்மாள்.

அடுத்தது வலது கை. தொடைக்கு அடியிலிருந்து விடுதலையானதும் அது மேசையைத் துழாவிச் சுத்தியலை எடுத்துக்கொண்டது. அதை வாங்கக் குனிந்த டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஸ்டெதாஸ்கோப் டாக்டரின் கழுத்தில் இருந்ததால் அவரால் நிமிர முடியவில்லை. நர்ஸ் ஓடிவந்து விரல்களைப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொண்டது.

“அது நோய் இல்ல டாக்டர்” என்று சமாதானம் சொன்னாள் அம்மாள். “அது அவர் சுபாவம்.”

ஒருவழியாகக் கழுத்தை மீட்டுக்கொண்ட டாக்டர், மூச்சு வாங்கியபடி அந்தத் துணிப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். தையல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு அதைப் பேக்கரிக்காரரின் வலது கைக்கு மாட்டிப் பட்டன் இரண்டையும் போட்டார்.

“மூளையோட இடது பக்கம் வேலை வாங்கறது வலது கையை, அம்மா. நோய் இந்தக் கைக்குத்தான். அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்ல.”

அம்மாள் டாக்டரைப் பார்த்தாள். மேசைமேல் இன்னும் சாதுவாகக் கிடந்த இடது கையைப் பார்த்தாள்.

“அப்ப ஒரு மாசமா எல்லாருக்கும் தூக்கித் தூக்கிக் குடுத்தது?”

பேக்கரிக்காரர் காது வரை சிவந்து, திருட்டுத்தனம் பிடிபட்டவர்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது நான்தாம்மா.”